நாலு பேர், ஒரு பீரோ

மரக்காணம் உப்பளப் பக்கம் நண்பர்களோட வீடு எடுக்கறீங்களா? முதல்ல பீரோவை அளங்க.

3 அடி பீரோவில் கம்பி சுமார் 88 செ.மீ. ஒரு சட்டைக்கு 4 செ.மீ. விட்டா மொத்தம் 22 சட்டை. நாலு பேர்னா ஆளுக்கு அஞ்சுதான்!

நெருக்கி மாட்டலாமே? இங்கே வேண்டாம். கடல்காற்றில் உப்பு இருக்கு. ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினா, உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரைசலாகும். பெயின்ட் உரிஞ்ச இடத்தில் அந்தக் கரைசல் பட்டா இரும்பு வேகமாத் துருப்பிடிக்கும். நெருக்கமா அடைச்ச துணி ஈரத்தை உள்ளேயே பிடிச்சு வைக்கும். இன்டர்வியூவுக்கு வச்ச வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்டா, சோப்பு போட்டாலும் போகாது.

அதனால ஆளுக்கு அஞ்சு சட்டை, ஒரு தட்டு. முழுசாக் காயாத துணி உள்ளே போகக் கூடாது. மீதியெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில். இதைக் குடிபோகும் நாளே பேசி முடிச்சிடுங்க. மழைக்காலத்தில் பேசினா சண்டைதான்.