முகத்தில் சிவப்புத் தடிப்பு: மாத்திரை காரணமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. வலிப்புக்காக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். மூன்று வாரங்களுக்கு முன் லாமோட்ரிஜினும் சேர்த்தார்கள். நேற்றிலிருந்து முகமெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. வயசுக்கு வரும் பருதான் என்கிறார் மாமியார். மாத்திரையால் வருமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வரும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரு ஒரே நாளில் முகமெங்கும் பரவாது. கரும்புள்ளி, வெண்புள்ளிகளோடு மெல்ல வரும். மருந்துத் தடிப்போ திடீரெனத் தோன்றும், அரிக்கும், மார்பு, முதுகுக்கும் இறங்கும். லாமோட்ரிஜின் தடிப்பு பெரும்பாலும் முதல் எட்டு வாரங்களுக்குள் வரும். 16 வயதுக்குக் கீழ் இந்த ஆபத்து அதிகம். வால்ப்ரோயேட், ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். அதனால்தான் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுவார்கள்.

பெரும்பாலான தடிப்புகள் மருந்தை மாற்றினால் அடங்கிவிடும். ஆனால் அபூர்வமாக ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் உயிராபத்தான தோல் நோயாக மாறலாம். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, முக வீக்கம், கொப்புளம், தோல் உரிதல், நெறிகட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். தொடர்ந்தால் தடிப்பு முற்றலாம். எனவே அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். தடிப்பின் உண்மை நிலை மறைந்துவிடும். எல்லா மாத்திரை அட்டைகளையும், தடிப்பின் புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைதான் காரணம் என்று உறுதியானால், அதன் பெயரை மருத்துவக் கோப்பில் எழுதிவைத்து, இனிப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.