பல் வைத்தியருக்கு அருகில் ஒரு தொழில்

பாடசாலையை விட்ட பெண் பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டால், தையல், கணினி, அழகுக்கலை என்னும் மூன்றுமே எமது வாயில் முதலில் வருகின்றன. ஆடைத் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்று களைத்தவருக்கும், மத்திய கிழக்கிலிருந்து திரும்பி வந்து இனிப் போவதில்லை என்று முடிவெடுத்த தாய்க்கும் இதே விடைதான் கிடைக்கிறது. பல் வைத்திய உதவியாளர் என்னும் தொழிலை எமது மாதர் சங்கங்களில் எவரும் பேசுவதில்லை. பட்டினங்களில் தனியார் பல் வைத்திய நிலையங்கள் பெருகியுள்ள இந்நாட்களில் இதனை ஒரு பாடமாகப் படித்துப் பார்ப்பது நன்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். இலங்கையில் பல்லோடு தொடர்புள்ளவர் மூவர். பேராதனையிலோ வேறிடத்திலோ பட்டம் பெற்று, இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவர் பல் வைத்தியர். பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பவர் பாடசாலைப் பற்சிகிச்சையாளர். நியூசிலாந்து 1921 இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி 1950களில் எமது நாட்டில் உருவான சேவை அது. அதற்குரியவர்களை அரசாங்கமே தெரிந்து மகரகமையில் பயிற்றுகிறது. மூன்றாமவரே எமது பாடத்துக்குரிய உதவியாளர். அவர் எந்தப் பல்லையும் தொட்டுச் சிகிச்சை செய்பவரல்லர். ஆனால் அவர் சரியாக இல்லாவிட்டால் வைத்தியரின் கை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தும் பயனில்லை.

இத்தொழிலின் வயது நூற்றாண்டுக்கு மேல். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் 1885 இல் ஒரு பெண்ணை உதவிக்கு அமர்த்தினார். உள்ளே ஒரு பெண் நிற்கிறாள் என்றதும் மற்றப் பெண்கள் துணையின்றித் தாமாக வரத் துணிந்தார்கள். இன்றும் எமது ஊர்களில் ஓர் இளம் பெண் கதவு சாத்திய அறைக்குள் தனியே போகத் தயங்குவாள் அல்லவா?

இனி வேலைக்கு வருவோம். கதிரைக்கு அருகில் நிற்பதுதான் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையான பொறுப்பு கழுவும் இடத்தில் இருக்கிறது. ஒருவரின் வாயில் பட்ட கருவி அடுத்தவரின் வாய்க்குள் போகுமுன் என்ன நடந்தது என்பதை நோயாளர் ஒருபோதும் காண்பதில்லை. உதவியாளர் ஒருவருக்கே அது தெரியும். கொதி நீரில் போட்டெடுத்தால் போதும் என்பது பழைய எண்ணம். நீர் 100 பாகையில் கொதிக்கிறது. சில பக்றீரியாக்களின் வித்திகள் அந்த வெப்பத்தைத் தாங்கிக் கிடக்கும். ஆகவேதான் அமுக்கத்தில் நீராவியை அடைக்கும் ஓட்டோகிளேவ் வேண்டும். அதில் 121 பாகை செல்சியஸ் வந்த பின்னர் குறைந்தது 15 நிமிடமும், பொதி செய்த கருவிகளாயின் அதைவிட நீண்ட நேரமும் வைக்க வேண்டும். வெப்பம் ஏறும் நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதற்கு முன் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவுவது அவசியம். காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தால் அதன் கீழுள்ள கிருமிக்கு அதுவே கவசம். மாலை ஆறு மணிக்கு, வெளியே ஐந்து பேர் காத்திருக்க, இந்த நேரத்தைக் குறைக்க எவருக்கும் மனம் வரும். குறைக்காதவளே நல்ல உதவியாளர்.

தன்னுயிரைக் காப்பதும் பயிற்சியின் பகுதி. ஹெப்பற்றைற்றிஸ் பி என்னும் ஈரல் நோய் இரத்தத்தால் பரவும். அதற்கான தடுப்பூசி எமது குழந்தைகளின் தேசியத் திட்டத்தில் 2003 இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள், முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்ற ஒழுங்கில் போட்டுக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடியை இரு கையாலும் பிடித்து மாட்டக் கூடாது. மூடியைத் தட்டில் கிடக்க விட்டு, ஒரு கையால் ஊசியை அதற்குள் செலுத்தி எடுக்க வேண்டும். குத்திவிட்டால் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, அப்பொழுதே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஏசுவார் என்று மறைப்பது ஆபத்து.

பற்களுக்கு எண் உண்டு. நோயாளரின் மேல் வலது பக்கம் 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. நடுவிலிருந்து பின்னோக்கி எட்டுப் பற்களை எண்ணுவார்கள். ஆகவே "36" என்று வைத்தியர் சொன்னால், கீழ் இடது பக்கத்து ஆறாவது பல், அதாவது முதலாவது நிலையான கொடுப்புப் பல். பாற்பற்களுக்கு 5 முதல் 8 வரையான பக்க எண்கள். இந்த 36 ஐப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பாற்பல்லும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் அது முளைக்கிறது. அதனால் தாய்மார் அதையும் பாற்பல் என்றே நினைத்து, "சூத்தை பிடித்தால் என்ன, விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் பிறகு முளைப்பதில்லை. காத்திருக்கும் வாங்கில் இதனை ஒரு தாய்க்குச் சொல்லும் உதவியாளர் ஒரு பிள்ளையின் பல்லைக் காக்கிறார்.

கதிரைப் பக்கத்து வேலையை மணிக்கூட்டு முகம் போல் படிப்பிப்பார்கள். படுத்திருப்பவரின் உச்சந்தலை 12 மணி என்றால், வலக்கை வைத்தியர் 7க்கும் 12க்கும் இடையிலும், உதவியாளர் 2க்கும் 4க்கும் இடையிலும் இருப்பர். கருவிகள் நாடிக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலாகக் கைமாறும். கண்ணுக்கு மேலாக ஒருபோதும் இல்லை. எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, நிரப்பும் பசையைக் கலப்பது, அச்செடுக்கும் அல்ஜினேற் மாவைக் குழைப்பது யாவும் பழகப் பழக வரும். வெப்ப நாட்டவருக்கு ஒரு குறிப்பு: நீர் சூடாக இருந்தால் அல்ஜினேற் வாய்க்குப் போகுமுன் கிண்ணத்திலேயே இறுகிவிடும். மதிய வெயிலில் குளிர்ந்த நீரையே எடுக்க வேண்டும்.

கண்ணுக்கும் வேலை உண்டு. எமது ஆண்களிடையே புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயே முன்னணியில் நிற்கிறது. தோட்டங்களிலும் கிராமங்களிலும் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு குறைவு; புகையிலை சேர்க்காத பாக்கும் கெடுதலானதே. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை, மூன்று விரல் நுழைய வாய் திறவாமை ஆகியவை உதவியாளரின் கண்ணில் பட்டால் வைத்தியரிடம் கூற வேண்டும். "பல்லு வலி மட்டுந்தான் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போகும் வயோதிபர், தமிழ் தெரியாத வைத்தியரின் முன் இதனைத் தானாக விளக்கப்போவதில்லை. கண்டியிலோ கொழும்பிலோ இரு மொழியும் பேசும் உதவியாளருக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். ஆகவே சிங்களம் படிப்பதையும் பயிற்சியின் பகுதியாக எண்ணுங்கள்.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். பத்து வருடம் பார்த்துப் பழகியவருக்குப் பல் பிடுங்கத் தெரியும் என்ற எண்ணம் வரும். ஊரில் வீட்டுக்கு வந்து காட்டுவார்கள், காசும் தருவார்கள். அதைத் தொட்டால் சட்டக் குற்றம் என்பது ஒரு புறம். பிடுங்கிய இடத்தில் நில்லாத இரத்தத்தை நிறுத்த வழி தெரியாது என்பதே பெரிது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவரை யார் விசாரித்திருப்பார்?

பயிற்சி நிலையங்களைப் பற்றி அவதானம் தேவை. சுவரொட்டியில் "வெளிநாட்டு வேலை நிச்சயம்" என்று போட்டுப் பெருந்தொகை அறவிடுவோர் உளர். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, குறித்த பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது, முதல் நான்கும் சான்றிதழ்கள். கதிரையோ ஓட்டோகிளேவோ இல்லாத வகுப்பறையில் ஆறு மாதம் குறிப்பு எழுதி வருவது வீண் செலவு. நாள்தோறும் நோயாளர் வரும் ஒரு நிலையத்தில் எத்தனை மணித்தியாலம் நிற்க விடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வேலை கிடைத்த பின்னரும் ஒரு காரியம் உண்டு. ஒருவரை மட்டும் அமர்த்திய சிறு நிலையமாயினும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தம் பங்காக 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் அவரே கட்டுவார். "பிள்ளை மாதிரித்தானே இருக்கிறாய்" என்று கையில் காசை மட்டும் தரும் இடங்களில், முதல் மாதமே நியமனக் கடிதத்தையும் அங்கத்துவ இலக்கத்தையும் பணிவாகக் கேட்டு வாங்குங்கள்.