பெற்றோர் அறியாத வில்லி: கதை எழுதுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 2014இல் சிறுவர்களுக்கான ஒரு நாவலை வெளியிட்டார். ‘நான் சூப்பர் வில்லி என்று என் அப்பா அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். நாயகி பெனலோப்பி ஆக், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பள்ளி மாணவி. வீட்டில் பென்னி. அப்பாவும் அம்மாவும் பேர்பெற்ற சூப்பர் ஹீரோக்கள். அவர்களைப் போல் ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் வேறொரு ஹீரோவின் உதவியாள் வலிய வந்து சண்டைக்கு இழுக்க, அவளுக்கும் அவளுடைய இரண்டு நண்பர்களுக்கும் வில்லன் பட்டம் விழுந்துவிடுகிறது. வீட்டுக்குத் தெரிவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடத் துடிக்கிறாள். போகப்போக, வில்லத்தனம் தனக்கு நன்றாகவே கைவருகிறது என்பதும் அவளுக்குப் புரிகிறது.

இந்த வகைக் கதையை எழுத இளம் எழுத்தாளர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். எழுத உட்கார்ந்ததும் முகமூடி, ஆயுதம், வங்கிக் கொள்ளை என்று ஊருக்குள் ஓடிவிடுகிறார்கள். கதை இருப்பது வீட்டுக்குள். தன்னை நேசிக்கும் இரண்டு பேருக்கு முன்னால் ஒரு பெண் தினமும் தன்னில் பாதியை மறைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறாள். அந்த உறவு உயிரோடு இருந்தால் மற்றதெல்லாம் தானாக நிற்கும். கீழே வரும் விதிகள் அனைத்தும் அதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை

1. பெற்றோரைப் புத்திசாலிகளாகப் படையுங்கள். பென்னியின் அம்மாவுக்கு ஹீரோ உலகில் ‘தணிக்கை’ என்று பொருள்படும் பெயர். குற்றவாளி அடுத்து என்ன செய்வான் என்று கணக்குப் போட்டே பிடித்துவிடுகிறவர். அப்படிப்பட்டவரின் மகள் பொய் சொல்லும்போது ஒவ்வொரு வரியிலும் நமக்குப் பதற்றம் வருகிறது. 1967இல் டிசி காமிக்ஸ் அறிமுகப்படுத்திய பேட்கேர்ள், பார்பரா கோர்டனுக்கும் இதே நிலைதான். அவள் அப்பா நகரத்தின் போலீஸ் கமிஷனர். ஊரையே துப்புத் துலக்கும் மனிதர் வீட்டில் ஏன் கோட்டைவிடுகிறார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மிக நேர்மையான பதில், பாசம். மகளைப் பற்றி ஒரு பிம்பத்தை மனத்தில் வைத்திருப்பவர்கள், அதற்கு ஒத்துவராத எதையும் பார்க்கத் தயங்குவார்கள்.

2. முதல் பொய்யை முழுதாக எழுதுங்கள். இரட்டை வாழ்க்கையைத் திட்டமிட்டுத் தொடங்கும் சிறுமி அபூர்வம். ஒரு சின்னப் பொய் சொல்கிறாள், அதைக் காக்க இன்னொன்று. மார்வெலின் கமலா கான் இதற்கு நல்ல பாடம். ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைய, 2014இல் தனித்தொடராக வந்தவள். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். இரவு விருந்துக்குப் போகக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள், நழுவிப் போகிறாள். அந்த இரவில்தான் சக்தி வருகிறது. சக்தியைப் பற்றிச் சொன்னால் விருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஹீரோ, உங்கள் நாயகி வில்லி. பூட்டு மட்டும் ஒன்றே. பெரிய ரகசியத்தை இப்படி ஒரு சிறு குற்றத்தோடு கட்டிப்போட்டால் அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வாசகர் கேட்கவே மாட்டார்.

3. வீட்டு நடைமுறையைக் கணக்கிடுங்கள். புகை நாற்றமடிக்கும் உடையை யார் துவைப்பது? முழங்கைச் சிராய்ப்புக்கு என்ன காரணம் சொல்கிறாள்? கைபேசியில் அவள் இருக்கும் இடம் அம்மாவுக்குத் தெரியும் என்றால், கைபேசியை எங்கே விட்டுப்போகிறாள்? இரவெல்லாம் விழித்திருந்தவள் மறுநாள் முதல் வகுப்பில் எப்படிக் கண் திறந்திருக்கிறாள்? ஆயுதம் செய்யக் காசு எங்கிருந்து வருகிறது? இவற்றில் மூன்றுக்காவது கதைக்குள் பதில் வரட்டும். பதில் சொல்ல முடியாத ஒன்றை வேண்டுமென்றே விட்டுவையுங்கள். பிற்பாடு அவள் மாட்டிக்கொள்ளும் இடம் அதுவாகட்டும்.

4. அவள் பேச்சு குறைவதைக் காட்டுங்கள். ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் வெளியுலக வாழ்க்கையைப் பெற்றோர் தெரிந்துகொள்வது கண்காணிப்பதாலோ கேள்வி கேட்பதாலோ அல்ல, பெரும்பாலும் பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்வதால்தான் என்று அது காட்டியது. கதாசிரியருக்கு இது பொக்கிஷம். உங்கள் நாயகி முன்பு பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டுகிறவளாக இருக்கட்டும். ரகசியம் வந்த பிறகு “ஒண்ணுமில்லம்மா” என்று முடித்துக்கொள்ளட்டும். பீரோவுக்குள் கிடைக்கும் முகமூடியைவிட அந்த ‘ஒண்ணுமில்லை’ அம்மாவுக்குப் பெரிய தடயம்.

5. வில்லத்தனம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே காமிக்ஸ் விதித்தொகுப்பு ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். குற்றவாளிமேல் இரக்கம் வரும்படி எழுதக் கூடாது, பெற்றோர்மேல் மரியாதையை வளர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அது முழுதாகக் கைவிடப்பட்டது 2011இல்தான். அந்தப் பயம் இன்னும் பல எழுத்தாளர் கைகளில் ஒட்டியிருக்கிறது. தமிழ் வாசகர்கள் இந்தப் பயம் இல்லாதவர்கள். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்ட பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரை, சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாக 1980களில் கொண்டாடியவர்கள். முதல்முறை ஒரு திட்டம் பிசகாமல் நிறைவேறும்போது அவளுக்கு உண்டாகும் கர்வத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். திறமையைக் கண்டுகொண்ட மகிழ்ச்சி அது. அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அவளுடைய துக்கம்.

6. தெரியவரும் காட்சியை முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. ஸ்பைடர்மேன், அதாவது பீட்டர் பார்க்கர், 1962இல் பிறந்தவன். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 2001இல் எழுதிய கதையில், அடிபட்டுக் கிழிந்த உடையோடு தூங்கிக்கொண்டிருக்கும் பீட்டரைப் பெரியம்மா மே பார்த்துவிடுகிறார். அடுத்துச் சில இதழ்கள் கழித்து, ஏறக்குறைய ஓர் இதழ் முழுக்க இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டையே இல்லாத அந்த இதழை ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கமலாவுக்கு நடந்தது வேறு. 2015இல் அவள் துணிந்து உண்மையைச் சொல்லும்போது, அம்மா முனீபாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. அம்மா கண்டுபிடிப்பதா, மகள் சொல்வதா, அம்மா ஏற்கெனவே அறிந்திருப்பதா என்று முடிவெடுங்கள். அந்த முடிவுதான் முந்தைய காட்சிகளில் எதை ஒளிக்க வேண்டும், எதைச் சிந்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும்.

செய்யக்கூடாதவை

1. பெற்றோரைக் கதையிலிருந்து வெளியேற்றாதீர்கள். பேட்மேனின் பெற்றோர் கொல்லப்பட்டார்கள், சூப்பர்மேனைப் பெற்றவர்கள் கிரகத்தோடு அழிந்தார்கள், பீட்டர் பார்க்கரும் அநாதை. அந்தக் கதைகளுக்கு அது பொருந்தியது. உங்கள் கதையோ பெற்றோரிடமிருந்து மறைப்பதைப் பற்றியது. அவர்களை வெளியூர் வேலைக்கு அனுப்பினால் மறைப்பதற்கு ஆளே இல்லை. இரண்டு அத்தியாயத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் நேரில் வந்து ஏதாவது கேட்க வேண்டும்.

2. மகளை நியாயப்படுத்தப் பெற்றோரைக் கொடியவர்களாக்காதீர்கள். மார்வெலின் ‘ரன்அவேஸ்’ 2003இல் தொடங்கியது. அதில் பிள்ளைகள், தங்கள் பெற்றோர்தான் வில்லன்கள் என்று கண்டுபிடித்து வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். அருமையான தொடர், ஆனால் அது உங்கள் கதையின் தலைகீழ். கொடியவரிடம் பொய் சொல்வது எளிது, மனசாட்சி உறுத்தாது. அன்பானவரிடம் சொல்லும் பொய்தான் தொண்டையில் நிற்கும். அப்பா கண்டிப்பானவராக இருக்கலாம், எதிர்பார்ப்பு மிகுந்தவராக இருக்கலாம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கட்டும்.

3. பாதிக்கப்பட்டவர்களை மறந்துவிடாதீர்கள். அவள் தெருவைப் பெயர்த்தெறிந்தால் அங்கே ஒரு கடைக்காரர் இருக்கிறார். அவருக்குப் பெயர் கொடுங்கள். அவர் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய நஷ்டத்தைப் பற்றி அம்மா சாப்பாட்டு நேரத்தில் வருத்தத்தோடு பேச, எதிரில் உட்கார்ந்து மகள் கேட்கட்டும். எந்த அறிவுரையும் செய்யாததை அந்தக் காட்சி செய்யும். வாசகர் அவளை நேசிக்கலாம். அதற்காக அவள் செய்ததன் எடை குறைந்துவிடக் கூடாது.

4. தற்செயல்களால் அவளைக் காப்பாற்றாதீர்கள். சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி மணி அடிப்பது, அப்பா திரும்பும் கணத்தில் மின்சாரம் போவது போன்றவை ஒருமுறைக்கு மேல் வேண்டாம். ஆபத்திலிருந்து அவள் தன் புத்தியால் தப்பட்டும். தப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை இழக்கட்டும்: ஒரு பிறந்தநாள், ஒரு நண்பன், அப்பாவின் நம்பிக்கையில் கொஞ்சம்.

5. விஷயம் தெரிந்த நண்பர்களை அலங்காரமாக வைக்காதீர்கள். பென்னிக்கு க்ளேர், ரே, கமலாவுக்கு ப்ரூனோ. ரகசியம் அறிந்தவர்களும் தங்கள் வீட்டில் பொய் சொல்லியாக வேண்டும். சிநேகிதியின் அம்மா, நாயகியின் அம்மாவைக் கடையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இருவர் சொன்ன கதையும் ஒத்துப்போக வேண்டுமே. நல்ல திருப்பங்கள் இங்கேதான் கிடைக்கும். சுமையைத் தாங்க முடியாமல் நண்பரே ஒருநாள் கோபப்படலாம். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

6. நினைவை அழித்து முடிக்காதீர்கள். 2007இல் வந்த ‘ஒன் மோர் டே’ என்ற ஸ்பைடர்மேன் கதையில், குண்டடிபட்டுக் கிடக்கும் பெரியம்மா மேயைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு ஓர் ஒப்பந்தம் நடக்கிறது. பீட்டரின் திருமணமே நடக்காததாகிறது. அவன் யார் என்ற அறிவும் உலகத்தின் மனத்திலிருந்து போய்விடுகிறது. அந்த அருமையான உரையாடலுக்குப் பிறகு மே அறிந்திருந்ததும் அதோடு போயிற்று. ரசிகர்களின் கோபம் இன்றுவரை ஆறவில்லை. தெரிந்துகொண்ட ஒரு தாயின் மனத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவது, அவள் பட்ட வலிக்கும் அவள் காட்டிய பெருந்தன்மைக்கும் செய்யும் அவமரியாதை. தெரிந்தது தெரிந்ததுதான். அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருக்கிறது என்று எழுதும் துணிவு வேண்டும்.

7. மன்னிப்பை ஒரே அணைப்பில் முடிக்காதீர்கள். உண்மை வெளிவந்ததும் அம்மாவுக்கு முதலில் வருவது மன்னிப்பாக இருக்காது. தன் பிள்ளை எத்தனை இரவுகள் ஆபத்தில் இருந்தாள் என்று பின்னோக்கி எண்ணுவாள். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வருந்துவாள். தான் எதைச் செய்திருந்தால் சொல்லியிருப்பாள் என்று தன்னையே குற்றஞ்சாட்டுவாள். மூன்றுக்கும் இடம் கொடுங்கள். தண்டனையும் இருக்கட்டும். வீட்டில் தண்டிக்கிறார்கள் என்றால் அவளை இன்னும் தங்கள் மகளாகவே வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை

உங்கள் கதையில் பெற்றோரும் மகளும் சேர்ந்து வரும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். சக்தி, ஆயுதம், முகமூடி பற்றிய சொற்களை அடித்துவிடுங்கள். காதல், மதிப்பெண், விட்டுவிட நினைக்கும் படிப்பு என்று எந்த ரகசியத்தை அந்த இடத்தில் வைத்தாலும் காட்சி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், உங்கள் வில்லியை எந்த வீட்டுப் பிள்ளையும் தன்னைப் போன்றவள் என்று அறிந்துகொள்வாள். படிக்கும் பெற்றோரில் ஒருவராவது, கேள்விகளை நிறுத்திவிட்டுத் தன் மகள் பயமில்லாமல் வந்து சொல்ல வழிவிடுவார். நிற்கவில்லையென்றால் புதிய சண்டை எதையும் சேர்க்காதீர்கள். சாப்பாட்டு நேரத்துக் காட்சியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.