மண்ணுக்குள் ஒரு துப்புரவுப் படை

வயலில் பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கிறோம். பூச்சி மடிகிறது, பயிர் பிழைக்கிறது. ஆனால் தெளித்த மருந்து பிறகு என்ன ஆகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? ஒரு பகுதி காற்றோடும் நீரோடும் போய்விடுகிறது. மண்ணில் தங்குவதைச் சிதைப்பதில் பெரும் பங்கு நுண்ணுயிர்களுக்கே உண்டு. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

மருந்து மண்ணில் விழுந்ததும் அவற்றுள் சில மடிகின்றன; சில தாங்கிக் கொள்கின்றன; மிகச் சில அம்மருந்தையே உணவாக்கிக் கொண்டு பெருகுகின்றன. இதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு நெல்வயல்களே நல்ல எடுத்துக்காட்டு. அங்கு லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், புகையான் பூச்சியை ஒழிக்க டயசினான் என்ற மருந்தை இட்டனர். திரும்பத் திரும்ப அதையே இட்ட வயல்களில் மருந்து விரைவிலேயே மறைந்து போயிற்று. நம் நாட்டு விஞ்ஞானி சேதுநாதனும் யோஷிடாவும் அவ்வயல் நீரிலிருந்து டயசினானை உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973இல் உலகுக்கு அறிவித்தனர்.

இப்பாக்டீரியா ஒருவகை நொதியை உருவாக்குகிறது. அது நீரின் துணையால் மருந்தின் மூலக்கூறைக் கத்தரிக்கோல் போல் இரண்டாக வெட்டுகிறது. வெட்டிய துண்டு மேலும் சிதைந்து இறுதியில் கரியமில வாயுவாகிறது.

எல்லா மருந்தையும் ஓர் உயிரே முடித்துவிட இயலாது. பாரத்தியான் என்ற கொடிய நஞ்சைப் பற்றிக் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்று 1977இல் வெளிவந்தது. அதில் ஒரு பாக்டீரியா நஞ்சை வெட்டியது. ஆனால் வெட்டிய துண்டை அதனால் உண்ண முடியவில்லை. அதை உண்டது மற்றொரு பாக்டீரியா. அது வெளியிட்ட கழிவுப் பொருள்களை உண்டு முதலாவது உயிர் வாழ்ந்தது. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் பொருந்துகிறதல்லவா?

ஆயினும் இப்படையை நம்பி நாம் மருந்தை அள்ளித் தெளிக்கலாகாது. குளோரின் அணுக்கள் நிறைந்த டி.டி.டி. எளிதில் சிதைவதில்லை, சிதைந்து உண்டாகும் டி.டி.ஈ. என்னும் பொருளும் நெடுங்காலம் மண்ணில் தங்கி, மீன், பறவை, மனிதர் என உணவுச் சங்கிலியில் ஏறுகிறது. மாறாக, விரைவில் சிதையும் மருந்தையே ஓயாமல் இட்டால், அது பூச்சியைத் தொடுமுன் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. உழவரின் பணமும் வீணாகிறது.

ஆகவே வேண்டிய போது மட்டும், வேண்டிய அளவே மருந்திடுவோம். ஒரே மருந்தைத் தொடர்ந்து இடாமல் மாற்றி இடுவோம். தொழு உரமிட்டு மண்ணின் உயிர்களைப் பேணுவோம். நமக்காக ஓசையின்றி உழைக்கும் அவற்றிற்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு