டிசைன் பேட்டர்ன் படிக்கும் மாப்பிள்ளைக்கு

காந்தி நகர், அடையாறு

அன்புள்ள மாப்பிள்ளை,

‘டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தை முழுசா முடிச்சிட்டேன் மாமா, எழுத உட்கார்ந்தா எதைப் போடறதுன்னு தெரியலை’ என்கிறாய். எதையாவது போட்டே ஆகவேண்டும் என்று உன்னிடம் யார் சொன்னது?

நீ அனுப்பிய பில் புரோகிராமைப் பார்த்தேன். பணம் வாங்க ஓர் இன்டர்ஃபேஸ், அதற்கு ஒரு ஃபேக்டரி, அந்த ஃபேக்டரியே ஒரு சிங்கிள்டன். இத்தனைக்கும் பின்னால் இருப்பது ரொக்கம் வாங்கும் ஒரே ஒரு கிளாஸ். சாப்பிட வந்தவர் ஒருத்தர், இலை போட்டது பத்துப் பந்திக்கு!

‘நாளைக்கு யுபிஐ, கார்டு எல்லாம் வருமே?’ வரட்டுமே. வந்தபின் ஒரே இஃப்-எல்ஸ் இரண்டு மூன்று இடங்களில் முளைக்கும். அப்போது பிரித்தெடு. அதற்குப் பெயர்தான் ஸ்ட்ராட்டஜி.

காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் நால்வரும் 1994-இல் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தில் பேட்டர்ன்கள் மொத்தம் 23. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சிக்கலில் பிறந்தது, எங்கே பொருந்தும், விளைவு என்ன என்று தனித்தனிப் பகுதி உண்டு. நீ படத்தையும் மாதிரி நிரலையும் மட்டும் உருப்போட்டிருப்பாய். பரீட்சைக்குப் படித்த புத்தி எங்கே போகும்? விளைவுப் பகுதியில்தானே விலை எழுதியிருக்கிறது! ஸ்ட்ராட்டஜியைப் போட்டால் ஆப்ஜெக்ட்கள் பெருகும். எந்த வழி எதற்கு என்று அழைக்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டாய், இல்லையா?

‘அதில் இருப்பது சி பிளஸ் பிளஸ்ஸும் ஸ்மால்டாக்கும், நான் எழுதுவது பைத்தான்’ என்பாய். நியாயமான பேச்சு. டைனமிக் மொழிகளில் அந்த 23-இல் 16 எளிதாகிவிடும், அல்லது இருப்பதே தெரியாது என்று கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996-இலேயே காட்டிவிட்டார். பைத்தானில் ஸ்ட்ராட்டஜிக்குப் பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனை அனுப்பினாலே போதும். சிக்கல் மாறாது, தீர்வின் உருவம்தான் மொழிக்கு மொழி மாறும்.

பேட்டர்ன் என்ற சிந்தனைக்கே மூலவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர். 1964-இல் வந்த தன் நூலில் 600 பேர் வாழும் இந்திய கிராமம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொண்டார். வீட்டு வாசல் தெற்கு பார்க்கக் கூடாது என்பது உட்பட 141 தேவைகளை எழுதி வைத்துக்கொண்டுதான் வரையவே தொடங்கினார். நீ ஒரு தேவையாவது எழுதினாயா?

ஆபீசில் உள்ள பழைய புராஜெக்ட் ஒன்றைத் திற. எந்த ஃபைல் அடிக்கடி மாறியிருக்கிறது, எதற்காக மாறியது என்று கிட் லாக்கில் பார். காரணத்தை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, பிறகு புத்தகத்தைப் புரட்டு. அப்போதும் குழம்பினால் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. அந்த ஒரு வரி இல்லாமல் வந்தால் காபி மட்டும்தான் கிடைக்கும்.

அன்புடன்,
மாமா