சுத்தியல் இல்லாத நீதிமன்றம்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குமேல் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. அன்றும் அப்படித்தான். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்த கதாநாயகி எதிர்க்கட்சி வக்கீலை நோக்கி விரலை நீட்டி முழங்கிக் கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்றவன் வியர்த்துப் போய் உண்மையைக் கக்கினான். நீதிபதி மேஜையைச் சுத்தியலால் தட்டினார். என் மனைவி பெருமூச்சு விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரித்தாள். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள். கொல்கத்தாவில் சட்டம் படிக்கிறாள். "மாமா, நம்ம நாட்டு கோர்ட்ல எந்த ஜட்ஜ் கையிலயும் சுத்தியல் கிடையாது. அதெல்லாம் அமெரிக்கப் படத்தைப் பார்த்து வெச்சது" என்றாள். "எனக்குத் தெரியும்மா, நான் கூண்டில் ஏறினவன்" என்றேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவள் என்னை விடவில்லை. கேட்டு முடித்ததும், "இதைப் பத்திரிகைக்கு எழுதுங்க மாமா, பெண் வக்கீல்களைப் பற்றியும் சேர்த்து எழுதுங்க" என்றாள். நான் ரயில் பாதை வேலை பார்த்த டிப்ளமோக்காரன், சட்டம் படித்தவன் அல்ல. படித்துத் தெரிந்து கொண்டதையும் பார்த்ததையும் எழுதுகிறேன்.

நம் தலைமுறைக்குப் பெண் வக்கீல் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் 1984-இல் வெளிவந்த 'விதி' படத்தின் சுஜாதாதான். ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காக அவர் வாதாடுவார். ஏமாற்றியவனின் தந்தையே எதிர்க்கட்சி வக்கீல், ஜெய்சங்கர். தெலுங்கில் சாரதா செய்த வேடம் அது. அந்தக் காலத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டுக்குப் பதில் 'விதி'யின் கோர்ட்டு வசனத்தைப் போட்டார்கள். பெண்ணின் குரல் ஒரு சபையில் ஓங்கி ஒலிப்பதைக் கேட்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போதைய தொடர்கள் கொஞ்சம் முன்னேறியிருக்கின்றன. 2023-இல் வந்த 'தி ட்ரையல்' இந்தித் தொடரில் கஜோல், கணவர் சிறைக்குப் போனபின் பல வருட இடைவெளிக்குப் பிறகு வக்கீல் தொழிலுக்குத் திரும்பும் பெண்ணாக வருகிறார். அது 'தி குட் வைஃப்' என்ற அமெரிக்கத் தொடரின் தழுவல். 2024-இல் வந்த 'மாம்லா லீகல் ஹை' டெல்லி பட்பர்கஞ்ச் நீதிமன்றத்தை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர். அதில் நிதி பிஷ்ட் நடித்த சுஜாதா என்ற பெண் வக்கீலுக்கு இருக்கும் கவலை ஒன்றே ஒன்று: உட்கார்ந்து வேலை பார்க்கத் தனக்கென்று ஒரு அறை கிடைக்க வேண்டும். எந்த மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் மரத்தடியில் மேஜை போட்டு அமர்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது சிரிப்பு மட்டும் அல்ல என்பது புரியும்.

ஆனால் எல்லாத் தொடர்களிலும் ஒரு விஷயம் மாறவில்லை. பெண் வக்கீல் வாயால் ஜெயிக்கிறார். நிஜத்தில் அந்த வாயைத் திறப்பதற்கே எத்தனை வருடம் ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தக் கதை நாம் குடியிருக்கும் இந்த ஊரிலேயே நடந்தது.

ரெஜினா குஹா என்ற பெண்மணி கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல். முடித்துவிட்டு, 1916-இல் அலிப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய மனுப் போட்டார். மனு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். அவருக்காக வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன். சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். அதே அலிப்பூரில் அரவிந்தர் மீதான வெடிகுண்டு வழக்கை அரசுத் தரப்பில் நடத்தியவரும் அவர்தான். வழக்கு முழுவதும் ஒரே சொல்லின் மீது நின்றது. 1879-ஆம் வருடத்துச் சட்டம், தகுதியுள்ள 'நபர்' பிளீடர் ஆகலாம் என்றது. பெண் நபரா, இல்லையா? ஆண்பாலில் எழுதிய சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டங்களுக்குப் பொது விதி ஒன்று அப்போதே இருந்தது. ஆனாலும் இந்தச் சட்டத்தில் அப்படிப் பொருள் கொள்ள முடியாது என்று ஐவரும் கையை விரித்துவிட்டார்கள். ரெஜினா குஹா 1919-இல் காலமானார். 1921-இல் கட்டாக்கைச் சேர்ந்த சுதான்ஷுபாலா ஹஸ்ரா பாட்னா உயர்நீதிமன்றத்தில் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைப் பெற்றார். அதே 1921-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கார்னீலியா சொராப்ஜியைச் சேர்த்துக் கொண்டது. ஒரே நாடு, ஒரே சட்டம். கங்கைக் கரையில் ஒரு ஊரில் பெண் நபர், இன்னொரு ஊரில் நபர் அல்ல! கடைசியில் 1923-இல் பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று.

சொராப்ஜி அம்மையாரின் கதையைத் தனியாகவே எழுதலாம். 1866-இல் நாசிக்கில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் 1892-இல் சட்டத் தேர்வு எழுதினார். பட்டத்தைப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை என்பதால் அது கைக்கு வர 1922 ஆயிற்று. நடுவில் முப்பது வருடம்! பஞ்ச்மகால் பக்கத்தில் ஒரு ராஜாவின் முன்னிலையில் ஒரு யானையின் சார்பாக வழக்காடப் போனார். ஊஞ்சலில் அமர்ந்திருந்த ராஜா, தன் நாய்க்கு இவரைப் பிடித்துவிட்டது என்று சொல்லித் தீர்ப்பை இவர் பக்கம் கொடுத்துவிட்டாராம். இவரே எழுதியிருக்கிறார். இதை ஒரு தொடரில் வைத்தால் நம்பமாட்டோம்.

1904 முதல் வங்காளத்தில் அரசின் பாதுகாப்பில் இருந்த ஜமீன்களின் பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த விதவைகள் அவர்கள். அந்நிய ஆணிடம் பேச முடியாது. சொத்து இருக்கும், கணக்கு எவனோ ஒரு காரியஸ்தனிடம் இருக்கும். எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்கிறோம் என்பதே தெரியாது. இவர் பல்லக்கிலும் படகிலும் போய் அந்தப்புரத்துக்குள் அமர்ந்து காகிதங்களைப் படித்துக் காட்டினார். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் உதவியதாகச் சொல்வார்கள். இத்தனையும் கோர்ட்டில் நின்று பேச உரிமை இல்லாத வருடங்களில். (அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது. வெள்ளையர் ஆட்சியை ஆதரித்தவர், காந்திஜியை எதிர்த்தவர். அதற்காகச் செய்த வேலையை இல்லை என்று சொல்ல முடியுமா?)

உரிமை வந்தபின் மரியாதை உடனே வந்துவிடவில்லை. மும்பை உயர்நீதிமன்றத்தில் 1924-இல் பதிவு செய்த மிதான் லாம் முதல் வழக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லியிருக்கிறார். கட்சிக்காரருக்குத் தன் பக்கம் வலுவாக இருப்பது தெரியும். எதிரி ஒரு பெண்ணிடம் தோற்ற அவமானத்தையும் சேர்த்து அனுபவிக்கட்டும் என்றுதான் இவரிடம் வந்தாராம்! வந்த காரணம் எதுவானால் என்ன, வழக்கு வழக்குத்தானே.

1950-களின் இறுதியில் லண்டன் பாரிஸ்டர் தேர்வில் முதலிடம் பெற்று நம் கல்கத்தாவுக்கு வந்த லீலா சேத்திடம், பெரிய வக்கீலான சச்சின் சௌத்ரி, கல்யாணம் செய்து கொள்ளம்மா என்றார். ஆகிவிட்டது என்றார் இவர். குழந்தை பெற்றுக் கொள் என்றார். இருக்கிறது என்றார். ஒற்றைக் குழந்தை பாவம், இன்னொன்று பெற்றுக் கொள் என்றார். இரண்டு இருக்கிறது என்றார். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாமல், சேர்த்துக் கொண்டார். லீலா சேத் பிறகு பாட்னாவில் பத்து வருடம் வழக்காடினார். பெண் என்பதால் குடும்ப வழக்குகளை மட்டும் தள்ளிவிடப் பார்த்தவர்களுக்கு இடம் கொடுக்காமல் வருமான வரி, கம்பெனி வழக்குகளையும் எடுத்தார். 1991-இல் இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இந்தியாவில் எந்த உயர்நீதிமன்றத்துக்கும் அவர்தான் முதல் பெண் தலைமை நீதிபதி. வரி வழக்கில் வாதாடும் கதாநாயகியை எந்தத் தொடரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

இனி என் கதை. 1993. ஒரு தொழிற்சாலைக்குள் போகும் சைடிங் பாதையை வருடா வருடம் பரிசோதித்துக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பாதையோர வடிகாலை ஆழப்படுத்தும்போது மழையில் ஊறிய மண் சரிந்து ஒரு கூலியாள் இறந்து போனார். தொழிற்சாலை, அவர் எங்கள் ஆள் அல்ல, காண்டிராக்டரின் ஆள் என்றது. காண்டிராக்டர் ஆளையே காணோம். இறந்தவரின் மனைவி தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். என்னைச் சாட்சிக்கு அழைத்தது தொழிற்சாலைத் தரப்பு. வடிகால் வேலை வேறு, உற்பத்தி வேறு என்று நான் சொன்னால் போதும் என்றார்கள். அது சரிதானே என்றுதான் நானும் நினைத்துப் போனேன்.

சினிமா கோர்ட்டு மாதிரி இல்லை அது. இரும்பு பீரோக்கள் நடுவே நாலு நாற்காலி. மேலே ஒரு மின்விசிறி. அந்தப் பெண்ணின் வக்கீல் முப்பது வயதிருக்கும், ஒல்லியான அம்மாள். குரல் பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்கும். முதலில், மாதத்துக்கு எத்தனை வேகன் நிலக்கரி அந்தப் பாதையில் போகிறது என்று கேட்டார். சொன்னேன். பாதை பத்து நாள் அடைபட்டால் என்ன ஆகும்? உலை அணைந்துவிடும் என்றேன். வடிகால் அடைத்துக் கொண்டால் பாதை என்ன ஆகும்? இங்கேதான் நான் மாட்டிக் கொண்டேன். நம் தொழிலைப் பற்றி ஒருவர் பொறுமையாகக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? தண்ணீர் தேங்கினால் அடிமண் இளகும், சேறு ஜல்லிக்குள் ஏறும், ஸ்லீப்பர் அமுங்கும், தண்டவாளத்தின் மட்டம் போய்விடும், வடிகால் இல்லாத பாதை ஒரு மழைக்குக்கூட நிற்காது என்று வகுப்பே எடுத்துவிட்டேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக் கொண்டார்.

பிறகு கட்டை அவிழ்த்து மூன்று காகிதங்களை வரிசையாக வைத்தார். மூன்று வருடத்துப் பரிசோதனைக் குறிப்பின் நகல். மழைக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்யவும் என்று ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. பக்கத்திலேயே மூன்று பதில் கடிதங்கள். செய்து முடித்தோம் என்று தொழிற்சாலையின் கையெழுத்து. "அப்படியானால் வருடா வருடம் தொழிற்சாலை வழக்கமாகச் செய்யும் வேலைதான் இது?" என்றார். ஆம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கேள்வியும் பதிலுமாக அங்கே எழுதுவதில்லை. நான் சொன்னதை ஆணையர் ஒரே வாக்கியமாக்கி டைப்பிஸ்டுக்குச் சொன்னார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் தொழிற்சாலையின் வக்கீல் விஷயத்தை விளக்கினார். அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, தன் தொழிலில் வழக்கமாக அடங்கிய வேலையை ஒருவர் காண்டிராக்டில் விட்டால், காண்டிராக்டரின் ஆளுக்கும் அவரே நட்டஈடு கொடுக்க வேண்டும். 'வழக்கமாக' என்ற ஒரு சொல். அதற்காகத்தான் நிலக்கரி, உலை, வடிகால் எல்லாம். தொழிற்சாலை பணத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. முன்னால் ஐந்து வாய்தா ஒத்திப் போடப்பட்டதாம். ஐந்துக்கும் அந்த அம்மாள் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நட்டஈட்டுச் சட்டம் வந்ததும் 1923-தான், பெண்கள் வக்கீலாகலாம் என்ற சட்டம் வந்ததும் 1923-தான். இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அதைக் கவனித்தேன்.

உச்சநீதிமன்றத்துக்கு 1950 முதல் 1989 வரை ஒரு பெண் நீதிபதிகூட வரவில்லை. 1989-இல் பாத்திமா பீவி வந்தார். பின்னாளில் தமிழ்நாட்டு ஆளுநராக இருந்தவர். வக்கீலாக இருந்து நேரடியாக அங்கே நீதிபதியான முதல் பெண் இந்து மல்ஹோத்ரா, 2018-இல்தான். 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் மூன்று பெண்கள் பதவியேற்றபோது மொத்தக் கணக்கு 11 ஆயிற்று.

நிஜக் கோர்ட்டைப் பார்க்க இப்போது டெல்லி போக வேண்டியதில்லை. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்ப வேண்டும் என்று கேட்டுப் போனவர்களில் இந்திரா ஜெய்சிங் ஒருவர். சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சம பங்கு பெற்றுத் தந்த மேரி ராய் வழக்கில் 1986-இல் வாதாடியவர். ஒளிபரப்பலாம் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகள் வீட்டுக்கே வருகின்றன.

அந்தச் சட்டக் கல்லூரிப் பெண் ஒரு நாள் எங்கள் பெட்டியில் அப்படி ஒரு விசாரணையைப் போட்டுக் காட்டினாள். என் மனைவி, "எப்போ கத்துவாங்க?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் சமையலறைக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன். மூத்த வக்கீல் ஒருவர் நீளமாகப் பேசிக் கொண்டிருந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு இளம் பெண் வக்கீல் எழுந்து, அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்லி, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்ன பக்க எண் தவறு. மூத்தவர் திருத்திச் சொன்னார். நீதிபதிகள் ஐந்து பேரும் காகிதங்களைப் புரட்டி அந்தப் பக்கத்துக்குப் போனார்கள்.