விரல் பட்ட இடத்தையும் எழுது

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கி போனை ஆன் செய்ததுமே அது ஹேக்கர் கைக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால், எப்படிப் போகும் என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை. நீ ஆதாரமாகக் கொண்ட ஏஜென்சி செய்தியில் அது இல்லை, அதனால் உன்னிடமும் இல்லை. இணையப் பாதுகாப்பு பற்றித் தொடர்ந்து எழுதப்போகிறவன் நீ. அதனால் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014 பிப்ரவரி. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்க இரண்டு மூன்று நாள்களே இருந்தன. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி தன் இரவுச் செய்தியில் ஒரு தொகுப்பை ஒளிபரப்பியது. நிருபர் ரிச்சர்ட் எங்கல். போர்முனைகளிலிருந்து செய்தி தந்து பெயர் பெற்றவர். உடன் இருந்தவர் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் கைல் வில்ஹாய்ட். புதிய கணினிகளையும் ஒரு போனையும் வைத்துச் சோதித்தார்கள். உணவகத்தில் உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் போன் ஹேக் ஆனது, கணினிகளும் தப்பவில்லை. சோச்சிக்குப் போகிறவர்களுக்கு இதுதான் கதி என்பதே பார்த்தவர்கள் மனத்தில் பதிந்தது.

ஓரிரு நாளில் எர்ராட்டா செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரஹாம் அந்தத் தொகுப்பைப் பிரித்துப் போட்டார். உணவகம் இருந்தது மாஸ்கோவில். அங்கிருந்து சோச்சி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். சாதனங்களைத் தாக்கியது ரஷ்ய வைஃபை அல்ல; ஒலிம்பிக் பெயரில் விரித்துவைத்திருந்த மோசடித் தளங்கள். அந்தத் தளங்களை அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து திறந்தாலும் அதேதான் நடந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது போன் விஷயம். அந்தச் செயலி தானாக வந்து உட்காரவில்லை, ஒருவர் இறக்கி நிறுவியிருக்கிறார்.

அன்றைய ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு செயலியை ஏற்ற என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார். முதலில் செட்டிங்ஸ், அதில் செக்யூரிட்டி. அங்கே 'தெரியாத இடங்களிலிருந்து வரும் செயலிகளை அனுமதி' என்ற கட்டம் காலியாக இருக்கும். அதை நீயே டிக் செய்ய வேண்டும். உடனே ஓர் எச்சரிக்கை வரும்; அதற்கு ஓகே சொல்ல வேண்டும். பிறகு கோப்பை இறக்கி, அதைத் தட்டித் திறக்க வேண்டும். தொடர்புகள், குறுஞ்செய்தி, மைக் என்று அந்தச் செயலி கேட்கும் அனுமதிகள் பட்டியலாக வரும். அதன் அடியில் இருக்கும் இன்ஸ்டால் பொத்தானையும் அழுத்த வேண்டும். ஒரு மனித விரல் இத்தனை முறை பட்ட பிறகு நடந்ததை, 'உடனடியாக ஹேக் ஆனது' என்று திரையில் சொன்னார்கள். கதவைத் திறந்துவிட்டுச் சாவியையும் கொடுத்தபின் திருடன் பூட்டை உடைத்தான் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வில்ஹாய்ட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னர் வெளியிட்ட விரிவான குறிப்பில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மென்பொருள்கள் அப்டேட் செய்யப்படாமல் இருந்தன, பாதுகாப்பு மென்பொருள் இல்லை, ஒவ்வொரு தாக்குதலுக்கும் பயனர் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது, இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே என்று எழுதினார். ஆய்வாளரிடம் உண்மை இருந்தது. சில நிமிடத் தொகுப்பாக வெட்டி ஒட்டியதில் அது கழிந்துபோனது. என்.பி.சி. கிரஹாமின் குற்றச்சாட்டை மறுத்தது.

கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன, மக்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள்தானே என்று உன் டெஸ்கில் யாராவது சொல்வார்கள். அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோச்சியில் உண்மையான ஆபத்து ஒன்று இருந்தது. ஆந்த்ரேய் சல்தாதவ், இரினா பரகான் என்ற இரண்டு ரஷ்யப் பத்திரிகையாளர்கள் அதைத் தோண்டி எடுத்து, 2013 அக்டோபரிலேயே கார்டியன் நாளிதழ் மூலம் உலகத்துக்குச் சொன்னார்கள். சோர்ம் என்ற அரசு ஒட்டுக்கேட்பு அமைப்பு அது. தொலைபேசி, இணைய நிறுவனங்கள் அதற்கான கருவிகளைப் பொருத்தியே ஆகவேண்டும் என்பது ரஷ்யச் சட்டம். அதன்வழி எஃப்.எஸ்.பி. உளவுத்துறை எந்த இணைப்பையும் கேட்கலாம். இதற்கு நீ எதையும் தட்ட வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம். அந்த ஊர் சிம்மைப் போட்டுப் பேசினாலே போதும். காபிக் கடை ஹேக்கரைப் பார்த்துப் பயந்தவர்களில் எத்தனை பேருக்கு இது போய்ச் சேர்ந்திருக்கும்? பொய்யான பயம் வாசகனின் கவனத்தைத் தின்றுவிடுகிறது, தம்பி. மெய்யான ஆபத்து வரும்போது அவனிடம் கவனம் மிச்சமில்லை.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதே 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டார்க்ஹோட்டல்' என்ற கும்பலைப் பற்றி எழுதியது. ஆசியாவின் ஆடம்பர ஓட்டல்களில் தங்கும் பெரிய நிறுவன அதிகாரிகளே அவர்கள் குறி. வைஃபைக்குள் நுழைய விருந்தினர் அறை எண்ணையும் பெயரையும் பதிவார். அவர்தான் தாங்கள் தேடும் ஆள் என்றால் மட்டும் ஒரு போலி அப்டேட் திரையில் எழும். அடுத்த அறையில் இருப்பவருக்கு அது வராது. படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது அல்லவா? யாரைக் குறிவைத்தார்கள், எந்த வழியில் வந்தார்கள், விருந்தினர் எந்த இடத்தில் ஏமாந்தார் என்ற மூன்றும் தெரிவதால் வரும் சிலிர்ப்பு இது. இதை எழுத மிகை தேவைப்படவில்லை.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஒட்டி கனடாவின் சிட்டிசன் லேப் செய்ததும் அப்படியே. அந்தப் போட்டிக்கான 'மை 2022' என்ற செயலியில், எதிர்முனையில் இருப்பது சரியான சர்வர்தானா என்று சோதிக்கும் பகுதி பழுதாக இருப்பதைக் கண்டுபிடித்தது. முதலில் ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிவித்தது. அவகாசம் கொடுத்துக் காத்திருந்து, அதன்பிறகே வெளியிட்டது.

உன் கட்டுரையில் விமான நிலைய சார்ஜிங் பாயின்ட் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. 2023 ஏப்ரலில் எஃப்.பி.ஐ.யின் டென்வர் அலுவலகம் அதுபற்றி எச்சரித்துப் போட்ட ஒரு ட்வீட் உலகம் சுற்றியது. அதில் பாதிக்கப்பட்டவர் என்று யாரையும் காட்டவில்லை, எந்த வழக்கையும் குறிப்பிடவில்லை. யூ.எஸ்.பி. வழியாகத் தகவல் திருடுவது ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டப்பட்டதுதான். ஆனால் ஐபோன் 2013 முதலே 'இந்தக் கணினியை நம்பலாமா?' என்று கேட்கிறது. சொந்த சார்ஜரைச் சாதாரண பிளக்கில் போட்டால் அந்தக் கவலையும் இல்லை. இதற்கு ஒரு வரி போதும். நீ அரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய்.

அந்த அரைப் பக்கத்தை நம் ஊர்க்காரர்களுக்குக் கொடு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் உன் பத்திரிகையைப் படிக்கிறார்கள். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று ஆசைகாட்டப்பட்டுப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அவர்களை மீட்க மாநில அரசும் இந்தியத் தூதரகங்களும் தலையிட வேண்டியிருந்தது. அவர்களைச் சிக்கவைக்க ஒரு வைஃபையும் தேவைப்படவில்லை, ஒரு வேலை விளம்பரம் போதுமானதாக இருந்தது. வெளிநாடு புறப்படும் தமிழ்ப் பையனுக்கு உன் பக்கத்தில் முதலில் இடம்பெற வேண்டிய எச்சரிக்கை இது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிபுணர் ஒருவர் 'ஹேக் ஆகிவிட்டது' என்றால் அங்கேயே நிறுத்தி, அதற்குமுன் அந்தப் போன்காரர் என்ன செய்தார் என்று கேள். ஏதாவது நிறுவினாரா, எதற்காவது அனுமதி கொடுத்தாரா, போன் அப்டேட் ஆகியிருந்ததா? இதே காரியம் சென்னையில் நடக்குமா என்றும் கேள். நடக்கும் என்றால் உன் செய்தியில் வெளிநாட்டுக்கு வேலையில்லை. அவர் வேலைபார்க்கும் நிறுவனம் எதை விற்கிறது என்று தெரிந்துகொள். தெரிந்ததை வாசகனுக்கும் சொல். பதில்கள் வந்தபிறகு தலைப்பு வை. செய்தி சின்னதாகிப்போனால் போகட்டும்.

எழுதி முடித்ததும் அந்தப் பிரதியை, அச்சுக்குப் போகும் முன், இதே துறையில் வேலை பார்க்கும் இன்னொருவரிடம் தொலைபேசியில் படித்துக்காட்டு. பத்து நிமிடம்கூட ஆகாது. அவர் தப்பு என்று சொல்லும் வரியை அடித்துவிட்டு அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்